மெலியிற ஊசிக்கு நகையை அடைவு வைக்கலாமோ?

மருந்துக்கடை அக்கா பதில்கள்

இந்தமுறை வந்த கடிதங்களையும் வட்ஸ்அப் மெசேஜையும் பிரிச்சுப் பாத்தால் பாதிக்கு மேல ஒரே விசயம். முந்தி முழங்கால் நோ, கொலஸ்ரோல், தைரொயிட் எண்டு கலந்து வரும், இப்ப ஊசி, ஊசி, ஊசி தான். கிழமைக்கு ஒருக்கா வயித்துத் தோலுக்குக் கீழ குத்திற அந்த மெலியிற ஊசி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில முப்பத்தொரு வருசம் கவுண்டருக்குப் பின்னால நிண்டனான், எனக்கு மருந்து எழுத உரிமை இல்லை, எழுதினதை விளங்கப்படுத்தவும் விலையைப் பற்றி வெக்கப்படாமக் கதைக்கவும் தெரியும். அவ்வளவு தான். வேற கேள்வி அனுப்பின ஆக்கள் கோவிக்காதேங்கோ, அடுத்த இதழில பாப்பம்.

அக்கா, நான் கோண்டாவில். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், வயசு 46, உயரம் 5 அடி 2 அங்குலம், நிறை 92 கிலோ. பிறசர் இருக்கு, சீனி எல்லைக்கோட்டில நிக்குதாம். பிறைவேற்றா ஒரு டொக்டரிட்டக் காட்ட அவர் இந்த ஊசியை எழுதித் தந்தவர். பாமசியில விலை கேட்டுட்டு அங்க கிடந்த கதிரையில இருந்திட்டன், முதல் மாசத்துக்கே என்ர சம்பளத்தில அரைவாசி போகுது. இன்சூரன்சுக்கு போன் எடுத்தால் ஒரு பிள்ளை "அது அழகுக்குப் போடுறது மிஸ், நாங்கள் குடுக்கிறேல்ல" எண்டு வைச்சிட்டுது. தாலிக்கொடியை விட்டிட்டு மற்ற நகையை அடைவு வைப்பமோ எண்டு யோசிக்கிறன். இவருக்கு இன்னும் சொல்லேல்ல. – பெயர் வேண்டாம்

முதல்ல அவருக்குச் சொல்லுங்கோ. பிறகு தான் மிச்சம்.

உங்கட உயரத்துக்கு 92 கிலோ எண்டால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு நிறை எவ்வளவு கூட எண்டு காட்டிற எண்) 37 கிட்ட வருது. எங்கட பக்கத்து ஆக்களுக்கு வெள்ளைக்காரரை விடக் குறைஞ்ச நிறையிலயே சீனியும் பிறசரும் வந்திடும், அதால தான் உலக சுகாதார நிறுவனம் 2004 இல ஆசியாக்காரருக்கு 23 தாண்டினாலே கவனம், 27.5 தாண்டினால் ஆபத்துக் கூட எண்டு தனியாச் சொன்னது. நீங்கள் 37. அதோட பிறசர், எல்லையில சீனி. இதை அழகு எண்டு சொன்ன பிள்ளைக்கு கம்பியூட்டரில ஒரு வரி எழுதிக் குடுத்திருப்பினம், அதை வாசிச்சிருக்கும், அதில கோவிச்சு வேலையில்லை. ஆனா போனில சொன்னதை முடிவு எண்டு எடுக்காதேங்கோ, எழுத்தில கேளுங்கோ. பொலிசிப் புத்தகத்தில எந்தப் பந்தியில விலக்கியிருக்கினம் எண்டு காட்டச் சொல்லுங்கோ, டொக்டரிட்ட "உடம்பு குறைக்க" எண்டு இல்லாம பிறசர், சீனி நிலை, பி.எம்.ஐ. எல்லாம் போட்டு ஒரு கடிதம் வாங்கிச் சேத்துக் குடுங்கோ. அப்பிடியும் இல்லை எண்டு தான் வரக்கூடும். வந்தாலும் ஒரு முத்திரைச் செலவு தானே.

இனிக் காசுக்கு வாறன். நீங்கள் விலை கேட்ட பிழை எங்க எண்டால், முதல் மாச விலையைக் கேட்டது. முதல் மாசம் போடுறது மருந்தே இல்லை எண்டு கூடச் சொல்லலாம், உடம்பைப் பழக்கிறதுக்கான சின்ன அளவு அது. செமாக்குளூட்டைட் எண்டுற மருந்து (ஓசெம்பிக், வீகோவி எண்டு பேர்) நிறைக்குப் போடேக்க 0.25 மில்லிகிராமில தொடங்கி 0.5, 1, 1.7 எண்டு நாலு நாலு கிழமையா ஏத்தி 2.4 க்குப் போகும், அந்த இடத்துக்குப் போகவே நாலு மாசம். டிர்செப்பட்டைட் (மௌஞ்சாரோ) 2.5 இல தொடங்கி தேவைப்பட்டால் 15 மட்டும் ஏறும். ஏற ஏற விலையும் ஏறும். ஒரு கணக்குக்குச் சொல்லுறன், மௌஞ்சாரோ 2025 மார்ச்சில இந்தியாவுக்கு வரேக்க ஒரு சின்னப் போத்தில், அதாவது ஒரு கிழமைக்கு, 2.5 எண்டால் 3,500 இந்திய ரூபா, 5 எண்டால் 4,375. மாசத்துக்கு 14,000, அடுத்தது 17,500. படி ஏறினால் இப்பிடித்தான். ஆகவே பாமசிக்குத் திரும்பப் போய் ஒவ்வொரு படியின்ர விலையையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, பிறகு பன்னிரண்டு மாசத்துக்கும் கூட்டுங்கோ. கூட்டின துண்டை அடைவுகடைக்காரனுக்குக் காட்ட முதல் இவருக்குக் காட்டுங்கோ.

ஏன் பன்னிரண்டு மாசம் எண்டு சொல்லுறன் எண்டால், இந்த மருந்து வேலை செய்யிற விதம் அப்பிடி. சாப்பிட்டு முடிய எங்கட குடலில இருந்து "காணும்" எண்டு சொல்லுற ஒரு சுரப்பு வருமெல்லோ, அதைப்போல நடிக்கிற மருந்து இது, பசி அடங்கும், வயிறு மெதுவாக் காலியாகும், மூளைக்குள்ள எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது நிண்டிடும். 2021 இல வந்த பெரிய ஆராய்ச்சியில 68 கிழமை 2.4 மில்லிகிராம் போட்ட ஆக்களுக்குச் சராசரி நூற்றுக்குப் பதினைஞ்சு வீதம் குறைஞ்சுது, உங்கட கணக்கில 13, 14 கிலோ. நல்ல மருந்து தான், ஆரும் பொய் சொல்லேல்ல. ஆனா அதே ஆராய்ச்சியில ஊசியை நிப்பாட்டின ஆக்களைப் பின்தொடர்ந்து பாத்தவை, ஒரு வருசத்துக்குள்ள குறைஞ்சதில மூண்டில ரெண்டு பங்கு திரும்பி வந்திட்டுது. பிறசர் மாத்திரையை நிப்பாட்டினால் பிறசர் ஏறுறது மாதிரி.

அதால நகையை அடைவு வைச்சு மூண்டு மாசத்துக்கு ஊசி வாங்கிறது எண்டது இருக்கிற வழியளுக்குள்ள மோசமான வழி. முழு அளவுக்குப் போக முதலே காசு முடியும், நிறை திரும்பும், வட்டி மட்டும் நிக்கும். ஒரு வருசம், ரெண்டு வருசம், அதுக்குப் பிறகும் கட்ட ஏலும் எண்டால் தொடங்குங்கோ. ஏலாதெண்டால் இப்ப தொடங்காதேங்கோ. இதைச் சொல்ல எனக்கும் வடிவா இல்லை.

இப்ப தொடங்காம விடுறது எண்டால் எப்பவும் இல்லை எண்டு அர்த்தமில்லை. செமாக்குளூட்டைட்டின்ர இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோட சரி, அதுக்குப் பிறகு அங்கத்தைக் கொம்பனியள் தங்கட பேரில செய்யலாம், எங்கட நாட்டு மருந்தில பெரிய பங்கு இந்தியாவில இருந்து தானே வாறது. இஞ்ச விக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின்ர பதிவு வேணும், அதுக்கு நாள் எடுக்கும், ஆனா விலை இறங்கிற பக்கம் தான் காத்து வீசுது. இதைச் செய்ய உண்மையில என்ன செலவு எண்டு 2024 இல சில ஆராய்ச்சியாளர் கணக்குப் பாத்து வெளியிட்டவை, மாசத்துக்கு ஒரு டொலருக்குக் கொஞ்சம் குறைய இருந்து கூடினது அஞ்சு டொலருக்குள்ள. அமெரிக்காவில அந்த நேரம் அதை ஆயிரம் டொலர் கிட்ட வித்தவை. வாசிக்கேக்க எனக்கு வந்த கோபம் பெரிசு, விடுவம். 2025 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் இந்த ரெண்டு மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில சேத்திட்டுது, சீனியோட இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம், உடற்பருமன் இருக்கிற ஆக்களுக்கு. அரசாங்கங்கள் விலையைப் பற்றிக் கதைக்க அது ஒரு பிடி.

காத்திருக்கிற காலத்தில என்ன செய்யிறது எண்டு கேப்பியள். "நடவுங்கோ" எண்டு சொல்லித் துரத்தப் போறா எண்டு நினைக்காதேங்கோ, நடக்கவும் தான் வேணும், ஆனா அதுக்கு முதல் ரெண்டு விசயம். ஒண்டு, இப்ப குடிக்கிற குளிசை எல்லாத்தையும் பையில போட்டுக்கொண்டு போய் டொக்டரிட்ட "இதில எது உடம்பு வைக்கப் பண்ணும்" எண்டு கேளுங்கோ. ஸ்ரெரொயிட், மனவருத்தத்துக்குக் குடுக்கிற சில குளிசை, சில சீனிக் குளிசை, இன்சுலின் எல்லாம் நிறையைக் கூட்டும், சிலதுக்கு மாத்து இருக்கு. நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, கேக்க மட்டும் தான் சொன்னனான். ரெண்டாவது, மெட்போமின். கிளினிக்கில காசில்லாமத் தாற பழைய குளிசை, அதால மெலிவு பெரிசா இல்லை, ஆனா எல்லைக்கோட்டுச் சீனியைப் பிடிச்சு வைக்கும். சென்னையில டொக்டர் ராமச்சந்திரன் ஆக்கள் 531 பேரை வைச்சுச் செய்து 2006 இல வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கு, எங்களைப் போல சோறும் இட்லியும் சாப்பிடுற சனம், அதில சாப்பாடு நடை மாத்தின ஆக்களுக்கு சலரோகம் வாறது நூற்றுக்கு 28.5 வீதம் குறைஞ்சுது, மெட்போமின் குடிச்ச ஆக்களுக்கு 26.4. ஊசியும் இல்லை, அடைவும் இல்லை.

உங்களுக்கு முதல் இலக்கு 14 கிலோ இல்லை, 92 இல அஞ்சு வீதம், நாலரை கிலோ. அதுக்கே பிறசர் இறங்கத் தொடங்கும். எங்கட வீடுகளில எங்க பிடிக்கலாம் எண்டால் ராச்சாப்பாட்டில தான், அரை நீத்துப்பெட்டிப் புட்டோட நிப்பாட்டி மிச்ச இடத்தை முருங்கையிலை வறை, மீன், முட்டையால நிரப்புங்கோ, பின்னேர ரீயோட வாற றோல்சையும் சீனியையும் விடுங்கோ. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில சுகவாழ்வு கிளினிக் நடக்குது, நிறை, பிறசர், சீனி எல்லாம் காசில்லாமப் பாப்பினம். ரீச்சர் எண்டு வெக்கப்பட்டு அங்க போகாம விடுறியள், எனக்குத் தெரியும், பிள்ளையளின்ர அம்மாமார் பாத்திடுவினம் எண்டு. பாக்கட்டும்.

மகள் அமெரிக்காவில, நியூ ஜேர்சி. ரெண்டு வருசமா செப்பவுண்ட் ஊசி போட்டு 19 கிலோ குறைஞ்சவ. சனவரியில இருந்து வேலை இடத்து இன்சூரன்ஸ் கட்ட மாட்டன் எண்டிட்டுதாம். அழுதுகொண்டு போன் எடுக்கிறா. இஞ்ச இல்லாட்டி இந்தியாவில வாங்கிப் பார்சலில அனுப்பலாமோ? – ஒரு அம்மா, மானிப்பாய்

அனுப்பாதேங்கோ அம்மா. செப்பவுண்ட் எண்டது அங்க நிறைக்கு விக்கிற டிர்செப்பட்டைட் தான். முறுக்கு, பனங்கட்டி அனுப்பிற மாதிரி இல்லை இது, 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில இருக்க வேணும், பார்சல் எங்கயாவது வெயிலில ஒரு நாள் கிடந்தால் சரி. அங்கத்தைச் சட்டமும் தனியாள் வெளிநாட்டு மருந்தைத் தபாலில எடுக்கப் பொதுவா விடுறேல்ல, சுங்கத்தில பிடிச்சால் காசும் போச்சு மருந்தும் போச்சு.

மகளிட்ட இதைக் கேக்கச் சொல்லுங்கோ. இன்சூரன்ஸ் "இல்லை" எண்டு சொல்லுறதில ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு, திட்டத்திலேயே நிறைக்கான மருந்து விலக்கு, வேலை குடுக்கிற கொம்பனி காசு மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு அது. மற்றது, மருந்து திட்டத்தில இருக்கு, ஆனா டொக்டரின்ர முன்னனுமதிக் கடிதம் காணாது. ரெண்டாவது எண்டால் கட்டாயம் மேன்முறையீடு செய்ய வேணும், தொடங்கேக்க இருந்த நிறை, இப்ப இருக்கிற நிறை, முந்திப் பாத்த வேற வழியள், இரத்த ரிப்போட் எல்லாம் போட்டு டொக்டர் எழுத வேணும். கனபேர் முதல் "இல்லை" யோட விட்டிடினம், இன்சூரன்ஸ்காரருக்கும் அது தெரியும்.

முதலாவது சாதி எண்டாலும் ஒரு இடுக்கு இருக்கு. செப்பவுண்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்.டி.ஏ. 2024 டிசம்பரில இன்னொரு காரணத்துக்கும் அனுமதி குடுத்தது, உடம்பு கூடின ஆக்களுக்கு நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாற வருத்தத்துக்கு. மகள் முந்திக் குறட்டை விடுறவவோ? சிரிக்காதேங்கோ, அது தான் கேள்வி. நித்திரைப் பரிசோதனை செய்து அது மத்திமம் இல்லாட்டிக் கடுமை எண்டு வந்தால் நிறைக்கு இல்லை எண்டு சொல்லுற திட்டம் இதுக்கு ஓம் எண்டக் கூடும். வீகோவிக்கும் இப்பிடி 2024 மார்ச்சில இருதய வருத்தம் இருக்கிற ஆக்களுக்கும், 2025 ஓகஸ்டில கொழுப்பால வாற ஈரல் வருத்தத்துக்கும் அனுமதி கிடைச்சுது.

ஒண்டும் சரிவரேல்ல எண்டால் கைக்காசு. அதிலயும் பாமசிக் கவுண்டர் விலையைப் பாத்துப் பயப்பிட வேண்டாம், வீகோவிக்கு அது மாசம் 1,349 டொலர் எண்டு போட்டிருந்தவை, ஆனா செய்யிற கொம்பனியள் இன்சூரன்ஸ் இல்லாத ஆக்களுக்கு நேரா விக்கிற வழி திறந்திருக்கினம். செப்பவுண்ட் கொம்பனி 2024 ஓகஸ்டில தொடங்கினது, பேனை இல்லாமச் சின்னப் போத்திலா, 2025 கடைசியில அளவைப் பொறுத்து 299 இல இருந்து 449 டொலர். ஒரு கண்ணி இருக்கு, பெரிய அளவுகளுக்கு 45 நாளுக்குள்ள அடுத்த மாசத்தையும் எடுத்தால் தான் அந்த விலை, பிந்தினால் கூட. காலண்டரில குறிக்கச் சொல்லுங்கோ. வரி பிடிக்க முதல் வைத்தியச் செலவுக்கு எண்டு ஒதுக்கிற கணக்கு வேலை இடத்தில இருந்தால் அதில இருந்து கட்டலாம், அங்கத்தை வரி வீதத்துக்கு அது நல்ல கழிவு. கொம்பனியின்ர கழிவு அட்டையள் அரசாங்க இன்சூரன்சில இருக்கிற ஆக்களுக்குச் செல்லாது, மகளுக்கு வேலை இடத்து இன்சூரன்ஸ் எண்டபடியால் பிரச்சினை இல்லை.

"அதே மருந்தைக் கலந்து தாறம், மலிவு" எண்டு ஒன்லைனில கூப்பிடுவினம். தட்டுப்பாடு இருந்த நேரம் அப்பிடிக் கலந்து விக்கச் சட்டத்தில இடம் இருந்தது, தட்டுப்பாடு முடிஞ்சுது எண்டு எப்.டி.ஏ. டிர்செப்பட்டைட்டுக்கு 2024 டிசம்பரிலயும் செமாக்குளூட்டைட்டுக்கு 2025 பெப்ரவரியிலயும் அறிவிச்சிட்டுது. போத்திலில இருந்து தாங்களே உறிஞ்சி அளவு பிழைச்சு ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்களைப் பற்றியும் அவையள் எச்சரிச்சவை.

மற்றது அம்மா, மகள் அழுறது நிறைக்கு மட்டும் இல்லை. ரெண்டு வருசம் உழைச்சுப் பிடிச்சதை ஆரோ ஒருத்தன் ஒரு கடிதத்தால பறிக்கிறான் எண்டு தான். "நீ முந்தியும் வடிவு தானே" எண்டு சொல்லிப் போடாதேங்கோ, அது உதவாது.

அக்கா ஃபேஸ்புக்கில ஒருத்தர் ஒறிஜினல் ஓசெம்பிக் பாதி விலைக்குத் தாறார், ஒரு பேனை வாங்கி நானும் பிரண்டும் பிரிச்சுப் போட்டால் இன்னும் மலிவு. ஊசி முனை மாத்தித் தானே போடுவம். ஓகேயா? – 24, சாவகச்சேரி

இல்லை. தம்பி, முனையை மாத்தினாலும் பேனைக்குள்ள இரத்தம் பின்னால ஏறும், கண்ணுக்குத் தெரியாது, செங்கண்மாரியும் எச்.ஐ.வி.யும் அப்பிடித்தான் பரவும். ஒருத்தருக்கு ஒரு பேனை. கட்டின மனிசியோட கூடப் பங்கு இல்லை.

பாதி விலைக்காரரைப் பற்றி. 2023 ஒக்ரோபரில ஒஸ்ரியாவில ஓசெம்பிக் எண்டு போட்ட கள்ளப் பேனையை நம்பிக் குத்தின ஆக்கள் சீனி சடாரெண்டு இறங்கி ஆஸ்பத்திரியில கிடந்தவை, உள்ளுக்க இன்சுலின் இருந்திருக்க வேணும் எண்டு தான் அங்கத்தை அதிகாரியள் சந்தேகிச்சவை. 2024 ஜூனில உலக சுகாதார நிறுவனமே கள்ள ஓசெம்பிக் பற்றி உலகம் முழுக்க எச்சரிக்கை விட்டது, பிறேசில், பிரித்தானியா, அமெரிக்கா எண்டு பிடிபட்டிருக்கு. அவ்வளவு இறுக்கமான நாடுகளுக்குள்ளயே பூந்ததெண்டால் மெசெஞ்சரில "இன்பொக்ஸ் வாங்கோ" எண்டுற ஆளை எப்பிடி நம்புறது. பதிவுள்ள பாமசி, டொக்டரின்ர துண்டு, பெட்டியில தொகுதி இலக்கம், பில். பில் தராத கடையில பனடோலும் வாங்காதேங்கோ.

உங்கட உயரம் நிறை எழுதேல்ல. பிரண்டின்ர கலியாணத்துக்கு ஆறு கிலோ குறைக்க எண்டு எழுதியிருக்கிறியள். அதுக்கு இந்த ஊசி இல்லை. சத்தி, வயித்தோட்டம், மலச்சிக்கல் பரவாயில்லை எண்டாலும் கணையம் வீங்கினால், பித்தப்பையில கல்லு வந்தால் கலியாணவீட்டுப் படத்தில நீங்கள் இருக்க மாட்டியள்.

கனடாவில இது மலிவாம், மச்சாள் ஓகஸ்டில நல்லூர்த் திருவிழாவுக்கு வாறா, கொண்டுவரச் சொல்லலாமோ? – கொக்குவில்

கனடாக் கதை பகிடியானது. செமாக்குளூட்டைட் கொம்பனி அங்க காப்புரிமையைப் புதுப்பிக்கக் கட்ட வேண்டிய சில நூறு டொலரைக் கட்டாம விட்டிட்டுது, காப்புரிமை அப்பிடியே காலாவதி. வேற ஒரு பாதுகாப்பு 2026 சனவரி மட்டும் இருந்தது, அதுவும் முடிஞ்சுது. எங்கட ஆக்கள் கரண்ட் பில் பிந்தினால் வயரை வெட்டிப்போட்டுப் போவினம், அவ்வளவு பெரிய கொம்பனிக்கு ஒரு பில் மறந்து போச்சு.

கொண்டு வாறதைப் பற்றி. 2022 இல மருந்துத் தட்டுப்பாடு வரேக்க கட்டுநாயக்காவில வந்திறங்கின ஒவ்வொரு சூட்கேசுக்குள்ளயும் ஆருக்கோ மருந்து இருந்தது, அந்தப் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகேல்ல. ஆனா மச்சாளின்ர பேருக்கு எழுதின மருந்து மச்சாளுக்குத் தான். உங்களுக்கு இஞ்ச டொக்டர் எழுத வேணும், இரத்தம் பாக்க வேணும், குடும்பத்தில ஆருக்கும் ஒரு சாதித் தைரொயிட் புற்றுநோய் இருந்ததோ எண்டு கேக்க வேணும், அது இருந்தால் இந்த ஊசி தொடவே ஏலாது. பிள்ளை தங்க வைக்க யோசிச்சாலும் இல்லை, ரெண்டு மாசத்துக்கு முதலே நிப்பாட்ட வேண்டிய மருந்து இது. சரி எல்லாம் பாத்து மச்சாள் மூண்டு மாசத்துக்குக் கொண்டு வாறா எண்டு வைப்பம், நாலாம் மாசம் ஆர் கொண்டு வாறது? அடுத்த திருவிழாவுக்கோ?

நாலு மாசம் போட்டன், 11 கிலோ குறைஞ்சுது, கடை வியாபாரம் விழுந்து போச்சு, இனி வாங்க ஏலாது. சடாரெண்டு நிப்பாட்டலாமோ? பிறகு காசு வந்தால் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாமோ? – 51, பருத்தித்துறை

நிப்பாட்டினால் ஆபத்தா ஒண்டும் நடக்காது அண்ணை, சலரோகத்துக்காகப் போடுறியள் எண்டால் மட்டும் டொக்டரிட்டச் சொல்லாம நிப்பாட்டக் கூடாது, சீனி ஏறும். ஆனா பசி திரும்பி வரும். ரெண்டு மூண்டு கிழமையில வரும், வரேக்க நீங்கள் பலவீனமான ஆள் எண்டு உங்களையே திட்டுவியள், அது மருந்து வத்திற நேரம், உங்கட குணம் இல்லை.

நிப்பாட்ட முதல் ஒண்டு கேளுங்கோ. நீங்கள் இருக்கிற அளவை விட ஒரு படி கீழ போட்டால் விலை குறையுதோ, அதில நிறை நிக்குதோ எண்டு டொக்டரிட்டக் கதைச்சுப் பாருங்கோ. எல்லாருக்கும் ஆகக்கூடின அளவு தேவையில்லை. லிராக்குளூட்டைட் எண்டு ஒரு பழைய ஊசியும் இருக்கு, நாளுக்கு ஒருக்காக் குத்த வேணும், மெலிவும் குறைவு, ஆனா காப்புரிமை முடிஞ்சபடியால் இந்தியாவில மலிவாச் செய்யினம். நீங்களா ஊசியைப் பத்து நாளுக்கு ஒருக்கா, பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கா எண்டு இழுக்காதேங்கோ, கேட்டுச் செய்யுங்கோ.

விட்ட இடத்தில இருந்து தொடங்கக் கூடாது. ஒரு ஊசி தவறினால் வேற, நாலஞ்சு கிழமை விட்டிட்டு முந்தின பெரிய அளவைக் குத்தினால் சத்தி எடுத்துச் சுருண்டு போவியள், கனக்க நாள் விட்டால் திரும்பக் கீழ் படியில இருந்து தான் ஏற வேணும். அதாலயும் காசு கூடப் போகும்.

குறைஞ்ச 11 கிலோவில கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் இருக்கு. திரும்பி வாறது பெரும்பாலும் கொழுப்பாத் தான் வரும், அது தான் நட்டம். ஆகவே இந்த மாசத்தில இருந்து ஒவ்வொரு சாப்பாட்டிலயும் மீன், முட்டை, பயறு, கடலை ஏதோ ஒண்டு இருக்கட்டும், மாவும் சோறும் பிறகு. பருத்தித்துறையில இருந்துகொண்டு மீனுக்கு என்ன குறை. கடையில மூட்டை தூக்கிற பெடியனுக்குச் சம்பளம் குடுக்க ஏலாமப் போச்சு எண்டு எழுதியிருந்தியள், அந்த மூட்டையளை நீங்கள் தூக்குங்கோ, முதுகைப் பாத்துத் தூக்குங்கோ.

வெந்தயத் தண்ணியும் கொள்ளும் இயற்கை ஓசெம்பிக் எண்டு யூரியூப்பில சொல்லினம்? – சுன்னாகம்

வெந்தயம் நல்லது, கொள்ளுரசமும் நல்லது. ஓசெம்பிக் இல்லை. 14 கிலோவை வெந்தயம் இறக்கும் எண்டால் எங்கட அம்மம்மாமார் எல்லாம் ஒல்லியா இருந்திருப்பினம்.

நான் ஊசி போடத் தொடங்கியாச்சு, மூத்தவன் சுவிசில இருந்து காசு அனுப்பிறான், காசுப் பிரச்சினை இல்லை. ஆனா கரண்ட் நிண்டால் பிறிஜ் நிண்டிடும், விலை கூடின சாமான், பயமாக் கிடக்கு. ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கலாமோ? – 63, வேலணை

ஐஸ் பெட்டிக்குள்ள வைக்கவே கூடாது அம்மா. உறைஞ்சால் மருந்து செத்துது, உருகினாப் பிறகு பாக்க அதே தண்ணி மாதிரித் தான் இருக்கும், ஆனா வேலை செய்யாது. மகன் அனுப்பின காசு எண்டு மனம் கேளாது தான், எறியத்தான் வேணும். பிறிஜில நடுத்தட்டில, பின் சுவரில முட்டாம, ஒரு பிளாஸ்ரிக் டப்பாவுக்குள்ள வையுங்கோ, கதவில வேண்டாம், பேரப்பிள்ளையள் நாளுக்கு நாப்பது தரம் திறக்குங்கள்.

நீங்கள் போடுறது ஓசெம்பிக் பேனை எண்டு எழுதியிருக்கிறியள். அது திறந்து பாவிக்கத் தொடங்கினால் 30 பாகைக்குக் குறைஞ்ச இடத்தில ஆறு கிழமை வெளியில இருக்கலாம், ஆகவே ரெண்டு மூண்டு மணித்தியாலம் கரண்ட் நிண்டால் ஒண்டும் ஆகாது, பிறிஜைத் திறக்காம இருந்தால் காணும். திறக்காத பேனையளைத் தான் குளிரில காப்பாத்த வேணும், அதால மூண்டு நாலு மாசத்துக்கு எண்டு சேத்து வாங்கி வைக்காதேங்கோ, மாசத்துக்கு மாசம் வாங்குங்கோ, குளிர் பாமசியின்ர பொறுப்பு.

சித்திரை வைகாசியில வேலணை வீட்டுக்குள்ள 30 எங்க நிக்கப் போகுது எண்டு கேப்பியள். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்டே இல்லாத வருசங்களில இன்சுலின் போத்திலை என்னெண்டு வைச்சிருந்தவை எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய மண்சட்டிக்குள்ள ஈர மணல், அதுக்குள்ள சின்னச் சட்டி, அதுக்குள்ள பொலித்தீன் சுத்தின போத்தில், மேல ஈரச்சாக்கு. எங்கட கவுண்டரில நிண்டு நான் எத்தினை பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பன். பாவிக்கிற பேனைக்கு, நீண்ட கரண்ட் வெட்டு வாற நாளில, அது இண்டைக்கும் காணும். சட்டி மட்டும் மண்சட்டியா இருக்க வேணும், அலுமினியத்தில செய்து பாத்திட்டு எனக்குக் கடிதம் போடாதேங்கோ.